மணமேடை நடனப் பாட்டு: யார் கூற்று?

முதல் நடனம் என்பது திருமண வரவேற்பில் மணமக்கள் இருவரும் விருந்தினர் முன்னிலையில் ஒரு பாட்டுக்குச் சேர்ந்து ஆடும் வழக்கம் ஆகும். ஐரோப்பியப் பெருமக்களின் நடன விருந்துகளில் அன்றைய முதன்மை விருந்தினர் முதலில் ஆடித் தொடங்கி வைப்பது மரபு. அது அங்கே திருமண விருந்துக்கும் வந்து நிலைத்தது. கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் குடியேறிய ஈழத்தமிழர் வீட்டு வரவேற்புகளில், கேக் வெட்டுவதுபோல் இதுவும் ஓர் அங்கமாகிவிட்டது. சென்னை மண்டபங்களிலும் இப்போது பார்க்கலாம். விருத்தாசலம் போன்ற ஊர்களில் இன்னும் அரிது. இங்கே தோழர்கள் ஆடுவார்கள், மணமக்கள் நின்று சிரிப்பார்கள்.

மணமக்கள் ஆடலாமா கூடாதா என்பது இக்கட்டுரையின் கேள்வி அன்று. ஆடுவது என்று முடிவாகிவிட்டால் எந்தப் பாட்டுக்கு ஆடுவது, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில், சங்கப் பாட்டுக்குக் கேட்கும் கேள்விகளையே திரைப்பாட்டுக்கும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி என் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. என் தங்கை மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை டொரன்டோவில் வளர்ந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாலி கட்டு பழமலைநாதர் கோயிலில், மாலை வரவேற்பு மண்டபத்தில். வரவேற்பில் இருவரும் ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் விருப்பம். பெண்ணுக்கும் ஆசைதான். எண்பது வயதைக் கடந்த என் தாயார் மட்டும், "ஆட்டம்னா நான் மண்டபத்துக்கே வரல" என்று சொல்லிவிட்டார். பெண் என்னிடம் வந்தாள். "மாமா, பாட்டை நீங்க பாத்துக் குடுங்க. பாட்டு சரியா இருந்தா ஆயா ஒத்துக்கும்" என்று ஐந்து பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பினாள். வீட்டில் ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சேர்ந்த பட்டியல் அது. நான் தவறாகச் சொன்னால் ஆயா இல்லாமல் அந்த வரவேற்பு நடக்கும். அதனால் பட்டியலைச் சற்றுக் கவனமாகவே படித்தேன்.

பழைய மணப்பாட்டுகள்

தமிழில் திருமண நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய பாட்டுகள் இரண்டு. அகநானூற்றின் 86ஆம் பாட்டு நல்லாவூர் கிழார் பாடியது. 136ஆம் பாட்டு விற்றூற்று மூதெயினனார் பாடியது. முன்னதில் உளுந்து சேர்ந்த பொங்கல் விருந்து, புது மணல் பரப்பிய பந்தல், விளக்கு வரிசை, மகப்பெற்ற மகளிர் நால்வர் கூடி மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துதல் எல்லாம் வருகின்றன. பின்னதில் முழவும் பணையும் முழங்குகின்றன. பாடப் புத்தகத்தில் இவை பழந்தமிழர் திருமண முறைக்குச் சான்றாக வரும். தேர்விலும் அப்படித்தான் கேட்பார்கள்.

இரண்டையும் யார், எப்போது சொல்கிறார் என்று மாணவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 86ஆம் பாட்டில் பேசுபவன் கணவன். வீட்டு வாயிலில் தோழி அவனை உள்ளே விட மறுக்கும்போது தன் திருமண நாளை அவளிடம் எடுத்துச் சொல்கிறான். 136இலும் பேசுபவன் கணவனே. மனைவியின் ஊடல் எப்படியும் தணியாதபோது தன் நெஞ்சைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறான். ஆக, நம் மொழியின் முதல் இரண்டு திருமணக் காட்சிகளும் குடும்பச் சண்டைக்கு நடுவே நினைவுகூரப்பட்டவை. ஆண்டாளின் வாரணமாயிரம் இன்றும் வைணவத் திருமணங்களில் ஓதப்படுகிறது. அதுவும் நடந்த திருமணத்தைப் பாடுவதன்று. கண்ணன் தன்னை மணப்பதாகத் தான் கண்ட கனவை ஆண்டாள் தோழிக்குச் சொல்வதே அப்பதிகம்.

பாட்டு பிறந்த சூழல் வேறு, பாடப்படும் சூழல் வேறு என்பது இதனால் புலனாகும். இந்த ஒரு செய்தி பின்னால் எனக்குப் பெரிதும் உதவியது.

அகப்பாட்டை விட்டு வழக்கத்துக்கு வந்தால், மணவீட்டில் ஆடலும் பாடலும் இல்லாமல் இருந்ததே இல்லை. கும்மியும் கோலாட்டமும் பெண்கள் சூழ்ந்து நின்று ஆடுபவை. பிராமணக் குடும்பங்களில் நலங்கு என்றொரு நிகழ்ச்சி உண்டு. மணமகள் பாட்டுப் பாடி மணமகனை நலங்குக்கு அழைப்பாள். எதிரெதிரே அமர்ந்து மஞ்சள் பூசித் தேங்காய் உருட்டி அப்பளம் உடைத்து விளையாடுவார்கள். சுற்றியிருப்போர் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பாடுவார்கள். மணமக்கள் இருவரும் ஊரார் முன்னே ஒன்றாகச் சேர்ந்து ஏதேனும் செய்யும் வேளை நம்மிடம் இருந்தது என்றால் அது நலங்கும் ஊஞ்சலும்தான். முதல் நடனத்துக்கு நெருங்கிய உறவினர் அவை. "நம்ம பழக்கம் இல்லை" என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். என் தாயாரிடம் சொன்னேன். "அது உக்காந்து ஆடுறதுடா, இது கட்டிப்புடிச்சி ஆடுறது" என்றார். மறுப்பதற்கில்லை.

பிறகு வந்தது ரேடியோ செட். பந்தலில் கூம்புக் குழாயைக் கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் கேட்கும். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. தாலி கட்டும் நேரத்தில் செட்டை நிறுத்திவிட்டு நாகசுரமும் கெட்டிமேளமும். தும்மல், அபசகுனச் சொல் எதுவும் காதில் விழாதபடி மேளம் மூடிவிடும். முடிந்ததும் மறுபடி இசைத்தட்டு. செட்டுக்காரர் கையில் இரண்டு தட்டுகள் எப்போதும் இருக்கும்: பாசமலர் படத்தின் "வாராய் என் தோழி", சாரதா படத்தின் "மணமகளே மருமகளே வா வா". இவை ஒலிக்காவிட்டால் அது கல்யாண வீடாகவே தோன்றாது.

அக்காலத்தில் மணமக்களுக்கென்றே எழுதப்பட்ட பாட்டும் ஒன்று இருந்தது. அதுதான் வாழ்த்துமடல். நண்பர்கள் வண்ணத்தாளில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் படித்துக் கொடுப்பார்கள். ஊரில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் எழுதும் வேலை அவர் தலையில் விழும். நானும் எண்சீர் விருத்தத்தில் பல எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நாலைந்து மாதிரிகளை வைத்துக்கொண்டு பெயருக்கேற்ப எதுகையை மட்டும் மாற்றிக் கொடுத்தவையே அதிகம். ஆயத்த ஆடை போன்ற திரைப்பாட்டை நாம் மட்டம் தட்டும்போது இதையும் நினைவில் வைப்பது நேர்மை.

நான்கு கேள்விகள்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34ஐச் சொல்கிறது. எழுத்து, அசை, சீர், அடி முதலிய வடிவ உறுப்புகளை எல்லோரும் அறிவர். அதே பட்டியலில் கைகோள், கூற்று, கேட்போர், களன் என்பனவும் உள்ளன. கைகோள் என்பது பாட்டு களவு ஒழுக்கத்தைச் சார்ந்ததா, கற்பு ஒழுக்கத்தைச் சார்ந்ததா என்பது. அதாவது மணத்துக்கு முந்திய காதலா, மணவாழ்க்கையா என்பது. கூற்று என்பது பேசுபவர் யார் என்பது. கேட்போர் என்பது யாரிடம் பேசப்படுகிறது என்பது. களன் என்பது எந்த இடத்தில் என்பது.

ஒரு பாட்டின் பொருள் அதன் சொற்களில் மட்டும் இல்லை, சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையிலும் இருக்கிறது என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே எழுதி வைத்துள்ளனர். எங்கள் ஊர்க் கோயிலிலேயே அதற்கு ஒரு கதை உண்டு. சிதம்பரம் செல்லும் வழியில் குரு நமசிவாயர் இங்கே தங்கினார். பசி வந்தபோது அம்மன் பெரியநாயகியை முதியவளாக விளித்துப் பாடிச் சோறு கேட்டார். அம்மன் கிழவி வடிவில் வந்து, "கிழவி என்று பாடினால் நான் எப்படி நடந்து வந்து சோறு கொடுப்பேன்? இளையவளாகப் பாடு" என்றாளாம். அவர் மாற்றிப் பாட, இளமங்கையாகச் சோறு கொண்டுவந்தாள் என்பது தலபுராணச் செய்தி. பாட்டின் விளி சரியில்லை என்று கேட்பவரே திருப்பி அனுப்பிய கதை இது. திறனாய்வு இதைவிட என்ன செய்துவிடப் போகிறது?

மேலைநாட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" உலகமெங்கும் திருமணங்களில் ஒலிக்கிறது. டாலி பார்ட்டன் அதை எழுதி 1974இல் வெளியிட்டார். தொழிலில் தம்மை வளர்த்த பாடகரைவிட்டுப் பிரியும்போது சொன்ன விடைபெறல் அது. 1983இல் வந்த "எவ்ரி பிரெத் யூ டேக்" ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கும் ஒருவனின் குரல். அதற்கும் மணமக்கள் ஆடுகிறார்கள். மெட்டு இனிமையாக இருந்துவிட்டால் சொல் காதில் விழாது. எங்கள் ஊர்ப் பீங்கான் பொம்மையைப் போலத்தான். மேல்பூச்சின் பளபளப்பைப் பார்த்து வாங்குவோர் அடிமண் வெந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதில்லை.

பட்டியல்

முதல் பாட்டு, தங்கை சொன்னது: "மணமகளே மருமகளே வா வா". 1962இல் வந்த சாரதா, கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய முதல் படம். பாட்டை எழுதியவர் பஞ்சு அருணாசலம், இசை கே.வி. மகாதேவன். இதன் கூற்று புகுந்த வீட்டுப் பெண்களுடையது. மருமகளை வாசலில் நின்று வரவேற்கும் பாட்டு. மணமகள் கேட்பவள் மட்டுமே, மணமகனுக்கு இதில் வேலையே இல்லை. வீட்டுக்குள் காலடி வைக்கும் வேளைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு தமிழில் இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. இருவர் ஆடுவதற்கோ இதில் இடமில்லை. "வாராய் என் தோழி"க்கும் அதே நிலைதான். எல்.ஆர். ஈஸ்வரியைத் தமிழகம் முழுதும் அறியச் செய்த அப்பாட்டு முழுக்க முழுக்கத் தோழி கூற்று. 1958இல் வந்த பானை பிடித்தவள் பாக்கியசாலி படத்தில் திருச்சி லோகநாதன் பாடிய "புருஷன் வீட்டில் வாழப் போகும் பெண்ணே" அண்ணன் கூற்று. மூன்றும் ஊரும் உறவும் மணப்பெண்ணை நோக்கிப் பேசுபவை. அக்காலத்துத் திருமணமும் அப்படித்தான் இருந்தது. பெண்ணுக்குச் சொல்ல எல்லோரிடமும் ஏதாவது இருந்தது, பெண் சொல்வதற்கு மட்டும் பாட்டு இல்லை.

இரண்டாவது, பெண்ணின் தந்தை சொன்னது: "கல்யாண மாலை கொண்டாடும் பெண்ணே". கே. பாலசந்தரின் புதுப்புது அர்த்தங்கள், 1989. வாலி எழுதி, இளையராஜா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. தொடக்கச் சொற்களில் கல்யாணம், மாலை, பெண் எல்லாம் இருப்பதால் கல்யாண வீடியோக்களில் இதைச் சேர்க்காதவர் குறைவு. தனி ஆண்குரல், கணவன் கூற்று, கேட்பவள் மனைவி. கைகோளும் கற்புதான். அப்படியானால் பொருத்தம்தானே என்று தோன்றும். சரணத்துக்குப் போனால் தெரியும். அடைத்து வைத்தால் பறவை பாடுமா ஆடுமா என்று கேட்கிறான், வெளியே சிரிப்பும் உள்ளே துயரமுமாக வாழ்வதைச் சொல்கிறான். படத்தில் அவன் புகழ்பெற்ற பாடகன். அவன் மனைவி அவனைச் சந்தேகத்தாலும் உரிமைப் பிடிவாதத்தாலும் நெருக்குகிறாள். இது மனைவியின் மேல் கணவன் வைக்கும் குறை. நயமாக வைக்கிறான், அதனால் குறை என்று தெரிவதில்லை. வாலியின் திறமை அது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் பாட வேண்டிய பாட்டா என்று தங்கை வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் முதல் இரண்டு வரிக்கு மேல் கேட்டதில்லையாம்.

மூன்றாவது, "மன்றம் வந்த தென்றலுக்கு". மணிரத்னத்தின் மௌன ராகம், 1986. இதுவும் வாலி, இளையராஜா, பாலசுப்ரமணியம். இதைச் சொன்னவர் மணமகனின் அண்ணன். மெட்டைக் கேட்டால் யாரும் மயங்குவர், நானும் மயங்குகிறேன். ஆனால் விருப்பமில்லாமல் மணந்து வந்து, அருகில் வரவே மறுக்கும் மனைவியை எண்ணிக் கணவன் பாடுவது இது. தாமரையில் தங்கிய நீர்த்துளி போல் ஒட்டாத வாழ்வு ஏன் என்பதே பாட்டின் கேள்வி. தலைவன், தலைவி என்ற அகத்திணைச் சொற்களையே வாலி அங்கே ஆள்கிறார். சங்கப் பாட்டில் வாயில் மறுக்கப்பட்ட கணவனின் நேர் வாரிசு இவன். இலக்கியமாக உயர்ந்த பாட்டு என்பதாலேயே இதை விலக்கச் சொன்னேன். அதன் துயரம் உண்மையானது, அதைப் பூமாலைக்கு நடுவே அலங்காரமாக நிறுத்துவது பாட்டுக்குச் செய்யும் குறை.

நான்காவது, பெண்ணே தேர்ந்தது: "முன்பே வா". என். கிருஷ்ணா இயக்கிய சில்லுனு ஒரு காதல், 2006. வாலி பாட்டு, ஏ.ஆர். ரகுமான் இசை, குரல்கள் ஷ்ரேயா கோஷலும் நரேஷ் ஐயரும். இருவர் குரல் உண்டு, இருவரும் ஒருவரையொருவர் நோக்கிப் பேசுகிறார்கள். கூற்றும் கேட்போரும் பொருந்திவிட்டன. கைகோள் மட்டும் களவு. படத்தில் இது கதாநாயகனின் கல்லூரிக் காலக் காதலுக்குரிய பாட்டு. அவன் பின்னர் மணந்து வாழும் மனைவி வேறொருத்தி. இதைச் சொன்னதும் பெண் சிரித்துவிட்டு, "நாங்களும் ரெண்டு வருஷம் போன்ல களவொழுக்கம்தான் மாமா" என்றாள். பத்தாம் வகுப்பில் நான் நடத்தியது வீண்போகவில்லை. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது.

இங்கே ஒரு பொதுச் செய்தியைக் கவனிக்க வேண்டும். தமிழ்த் திரையில் இருவர் பாடும் காதல் பாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை களவுப் பாட்டுகள். கதாநாயகனும் நாயகியும் மணம் முடித்ததும் படம் முடிந்துவிடும், அல்லது சிக்கல் தொடங்கிவிடும். அதனால் கற்புக்குரிய இருவர் பாட்டு, அதுவும் மகிழ்ச்சியான பாட்டு, மிகக் குறைவு. இது சினிமாவின் குறை மட்டும் அன்று. அகப்பாடல்களிலும் கற்பு என்றால் ஊடலும் பரத்தையிற் பிரிவும்தான் முன்னே நிற்கின்றன. கணவனும் மனைவியும் அமைதியாக வாழ்வதைப் பாடுவது எந்தக் காலத்திலும் கடினமாகவே இருந்திருக்கிறது போலும்.

ஐந்தாவது மாப்பிள்ளை சொன்னது. பட்டியலில் இதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. "சிநேகிதனே", அலைபாயுதே, 2000. வைரமுத்து எழுதியது, ரகுமான் இசை, சாதனா சர்கமும் ஸ்ரீநிவாசும் பாடியது. பெற்றோருக்குத் தெரியாமல் மணந்து, பின்னர் தனிக்குடித்தனம் வந்துவிட்ட இருவரின் பாட்டு. ஐயமற்ற கற்புப் பாட்டு. பேசுபவள் மனைவி. அதைவிட முக்கியம், அவள் கணவனை எப்படி விளிக்கிறாள் என்பது. அகத்திணையில் தோழி என்பவள் மூன்றாமவள். தலைவி மனத்தில் உள்ளதை எல்லாம் தோழியிடம்தான் சொல்வாள், தலைவனிடம் சொல்வது அரிது. இந்தப் பாட்டில் கணவனே சிநேகிதன் ஆகிவிடுகிறான். தோழி நின்ற இடத்தில் தலைவன் வந்து நிற்கிறான். இரண்டாயிரம் ஆண்டுக் கூற்று மரபில் இது சிறிய மாற்றம் அன்று. கனடாவில் வளர்ந்த பிள்ளை அந்த ஒரு சொல்லுக்காகவே இதைத் தேர்ந்ததாகச் சொன்னபோது அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இடித்தது களன். பாட்டின் களன் வீட்டின் உள்ளறை. அவள் கேட்பவை இருவருக்குள் கேட்டுக்கொள்பவை. அவற்றை ஊர் கூடிய கூடத்தில், முன்வரிசையில் ஆயா அமர்ந்திருக்க, இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளில் போட்டுவிட்டு ஆடினால், இரகசியமாகச் சொன்னால்தான் அழகு என்றிருந்த ஒன்று அம்பலமாகிவிடும். முதல் நடனம் என்ற வழக்கத்திலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. அகத்தைப் புறத்தில் நிகழ்த்துவது அது. ஆகவே அதற்கு வேண்டிய பாட்டு, இருவருக்குள் பேசிக்கொள்வதாகவும் இருக்க வேண்டும், நால்வர் கேட்டால் நாணாததாகவும் இருக்க வேண்டும்.

தேர்வு

நான் சொன்ன பாட்டு பட்டியலில் இல்லை. "நான் பேச நினைப்பதெல்லாம்", பாலும் பழமும், 1961. கண்ணதாசன் எழுதியது, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது. இயக்கம் ஏ. பீம்சிங். பாசமலரும் அதே 1961, அதே இயக்குநர், அதே கவிஞர், அதே இசையமைப்பாளர்கள், அதே சிவாஜி கணேசன். ஒரே ஆண்டில் ஒரே கூட்டணி, தோழி கூற்றில் ஒரு மணப்பாட்டையும் இருவர் கூற்றில் ஒரு மணவாழ்க்கைப் பாட்டையும் கொடுத்திருக்கிறது. ஊர் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கல்யாண வீட்டுக்குள் விடவில்லை.

பாட்டில் வருணனை அதிகமில்லை. தன்மையும் முன்னிலையும்தான் பாட்டு. நான், நீ என்ற இரண்டு இடப்பெயர்கள் மாறி மாறி வருகின்றன. என் மனத்தில் இருப்பதை நீ சொல், உன் மனத்தில் இருப்பதை நான் சொல்கிறேன் என்ற ஒரே கருத்தின் விரிவு அது. ஒருவர்க்கொருவர் தாயாகவும் சேயாகவும் ஆக விழைகிறார்கள். ஆண் கேட்பதும் பெண் கேட்பதும் ஒரே அளவு. இக்கால இளைஞர்கள் சமத்துவம் என்று சொல்வதை, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமலேயே, பாட்டின் அமைப்பில் கண்ணதாசன் வைத்திருக்கிறார். இன்னொன்றும் உண்டு. பாலும் பழமும் பாட்டுக்குள்ளும் வருகின்றன. தாலி கட்டியதும் மணமக்களுக்கு நாம் முதலில் கொடுப்பது பாலும் பழமும்தான். அந்தப் பொருத்தம் ஒன்றுக்காகவே இதைச் செட்டுக்காரர்கள் கண்டெடுத்திருக்க வேண்டும்.

"கல்யாணத் தேனிலா"வையும் மாற்றாக வைத்துப் பார்த்தேன். மௌனம் சம்மதம், 1990, யேசுதாசும் சித்ராவும் பாடியது. அடிதோறும் லா என்று முடியும் இயைபுத் தொடைக்கு வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆட எளிது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் இயைபைக் கழித்துவிட்டால் ஒருவர் மற்றவருக்குச் சொன்னது என்ன என்று கேட்டால் பதில் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

என் தாயாரிடம் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இது சரோசாதேவி படமில்ல? அவளுக்குச் சீக்கு வந்து வூட்ட வுட்டே பூடுவாளே, அந்தப் பாட்டா கல்யாணத்துக்கு?" என்றார். சரியான கேள்வி. அந்தப் படத்தில் மனைவிக்குக் காசநோய் வந்து, வீட்டைவிட்டுப் போய், இறந்துவிட்டதாகவே கணவன் நம்பி, வேறொரு பெண்ணை மணக்கும்படி ஆகிறது.

ஆனால் படத்தின் கதையை அளவுகோலாக வைத்தால் எந்தப் பாட்டு தேறும்? பாசமலரில் அந்தத் திருமணத்துக்குப் பிறகுதான் குடும்பம் சிதைகிறது, அண்ணனும் தங்கையும் சேர்ந்தே உயிர்விடுகிறார்கள். சாரதாவில் கணவன் விபத்துக்குப் பின் இல்லற வாழ்வுக்கு இயலாதவனாகி, மனைவிக்கு அவனே மறுமணம் செய்து வைக்கத் துணிகிறான். முடிவில் அவள் இறந்துபோகிறாள். அந்த இரண்டு பாட்டுகளையும் 1992இல் தங்கையின் கல்யாணத்தில் அம்மாவே செட்டுக்காரரிடம் சொல்லி இரண்டு முறை போடச் சொன்னார். அதை நினைவூட்டினேன். கூடவே அகநானூற்றுச் செய்தியையும் சொன்னேன். அது அவருக்குத் தேவைப்படவில்லை. "ஆமா, பாசமலருக்கு நான் அழுத அழுகை என்ன" என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மக்கள் பாட்டைப் படத்திலிருந்து பிரித்தெடுத்துத் தங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கதை பின்தங்கிவிடுகிறது, கூற்று மட்டும் கூடவே வருகிறது. வீட்டுப் பெண்கள் மருமகளை அழைப்பது சாரதா படம் இல்லாமலும் நிற்கும். ஒட்டாத மனைவியை எண்ணிக் கணவன் ஏங்குவது மௌன ராகம் இல்லாமலும் நிற்கும். ஆகவே முதலாவது கல்யாண வீட்டுக்கு ஆகும், இரண்டாவது ஆகாது. இந்த முறையில் "முன்பே வா"வின் மேல் படக்கதையை வைத்து நான் சொன்ன குறையும் விழுந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். களவுப் பாட்டு என்ற அளவில் மட்டுமே அதை ஒதுக்கலாம். பெண் விரும்பினால் அதை மேடைக்கு வரும்போது ஒலிக்க விடலாம். களவு முன்னே, கற்பு பின்னே என்பது தொல்காப்பிய வரிசையும்கூட.

பாட்டு பழையது, நடை நிதானம், இப்போதைய கூட்டம் கைத்தட்டுமா என்று மாப்பிள்ளை தொலைபேசியில் கேட்டார். இசைக்குழுவினர் சற்று வேகமாக வாசிக்கலாம் என்றும், முழுப் பாட்டும் வேண்டாம், ஒன்றரை நிமிடம் போதும் என்றும் சொன்னார். வேகத்தில் எனக்கு மறுப்பில்லை. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம் என்று நீளத்தைத் தட்டுதான் முடிவு செய்தது, இன்று காணொளி முடிவு செய்கிறது. ஆனால் வெட்டும்போது பல்லவியின் ஆண்குரலை வைத்துக்கொண்டு சரணத்தில் சுசீலா பதில் சொல்லும் இடத்தை எடுத்துவிட்டால், அது மறுபடியும் கணவன் மட்டும் பேசும் பாட்டாகிவிடும். எங்கே வெட்டினாலும் இரண்டு குரலும் சம அளவில் இருக்க வேண்டும் என்று இசைக்குழுக்காரருக்கு எழுதியே அனுப்பியிருக்கிறேன். அம்மா வருவதாகச் சொல்லிவிட்டார். முன்வரிசை வேண்டாமாம், மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் போதுமாம்.